க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்: கடைசியில் ஜென் ஏன் குதித்தாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங் லீயின் இந்த வாள்சண்டைப் படம் நான்கு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. சீனப் படம் என்றால் ஒதுங்கிப் போகிறவர்களையும் உட்கார்ந்து பார்க்க வைத்தது. ஆனால் படம் பார்த்தவர்கள் மூங்கில் காட்டுச் சண்டையை வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டு, கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: அந்தப் பெண் ஏன் குதித்தாள், செத்தாளா பிழைத்தாளா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. முடிவை மறைக்காமல் பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பார்த்து ரொம்ப நாளாச்சு. கதை மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சிங் வம்சக் காலத்துச் சீனா. லி மு பாய் (சோவ் யுன் ஃபட்) பெயர் பெற்ற வாள் வீரன். சண்டை போதும் என்று தன் 'க்ரீன் டெஸ்டினி' வாளை பெய்ஜிங்கில் இருக்கும் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறான். ஷூ லியென் (மிஷேல் இயோ) அவனைப் போலவே வாள் பிடித்தவள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை, ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை. காரணம், அவளுக்கு நிச்சயமாகியிருந்தவன் லி மு பாயின் நண்பன். அவன் சண்டையில் இறந்துபோனவன்.

அந்த வாளைத் திருடுகிறவள் ஜென் (சாங் சீயி). ஆளுநரின் மகள், கல்யாணம் நிச்சயமானவள். பகலில் அடக்கமான பெரிய வீட்டுப் பெண். ராத்திரியில் முகமூடி போட்டுக் கூரை மேல் ஓடுகிறவள். அவளுக்கு ரகசியமாக வித்தை சொல்லித் தந்தவள் ஜேட் ஃபாக்ஸ், லி மு பாயின் குருவைக் கொன்றவள். ஜென்னுக்கு ஒரு காதலனும் உண்டு: மேற்குப் பாலைவனத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவனாக இருந்த லோ (சாங் சென்).

ஜென் கல்யாணத்தன்று ராத்திரியே வீட்டை விட்டு ஓடுகிறாள், வாளோடு ஊர் ஊராகச் சண்டை போடுகிறாள். கடைசியில் ஜேட் ஃபாக்ஸின் விஷ ஊசி பட்டு லி மு பாய் சாகிறான். ஜென் மாற்று மருந்தோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

கடைசிக் காட்சியில் சரியாக என்ன காட்டுகிறார்கள்?

ஷூ லியென் வாளை ஜென்னின் கழுத்துக்கு ஓங்கி, நிறுத்திவிடுகிறாள். லோ உனக்காக வுடாங் மலையில் காத்திருக்கிறான், போ என்கிறாள். எந்த வழியில் போனாலும் உனக்கு நீ உண்மையாக இரு என்றும் கேட்டுக்கொள்கிறாள். ஜென் மலைக்குப் போகிறாள். அன்றிரவு லோவோடு இருக்கிறாள். விடிந்ததும் லோ அவளைத் தேடி வர, பாலத்தில் நிற்கிறாள். "அந்தப் பையன் கதை ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறாள். நம்பிக்கை இருந்தால் வேண்டியது நடக்கும் என்கிறான் அவன். "அப்படின்னா ஏதாவது வேண்டிக்கோ" என்கிறாள். இருவரும் சேர்ந்து பாலைவனத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறான். அவள் குதிக்கிறாள். மேகத்துக்குள் மெதுவாக இறங்குகிறாள். தரையைக் காட்டுவதில்லை. படம் முடிகிறது.

எந்தப் பையன்? என்ன கதை?

படத்தின் நடுவில், பாலைவனத்து நினைவுக் காட்சியில், லோ ஜென்னுக்குச் சொல்லும் கதை. துணிந்து மலையிலிருந்து குதிப்பவனின் வேண்டுதலைக் கடவுள் நிறைவேற்றுவார். பெற்றோர் நோயில் கிடந்த ஒரு பையன் குதித்தான். சாகவில்லை, ஒரு காயமும் இல்லை. மிதந்து எங்கேயோ தூரமாகப் போனான், திரும்பி வரவே இல்லை. வேண்டுதல் பலித்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"காயமில்லை" என்ற இடத்தோடு பலர் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். "திரும்பி வரவே இல்லை" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள். செத்தாளா, பிழைத்தாளா?

படம் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் ஒரு விஷயம் மாறாது: லோவுக்கு அவள் கிடைக்கப் போவதில்லை. விழுந்து செத்தாள் என்றால் அதோடு சரி. கதையை அப்படியே நம்பி, காயமில்லாமல் மிதந்து போனாள் என்றாலும், கதைப்படி குதித்தவன் திரும்பி வருவதில்லை. லோ கேட்டதோ "சேர்ந்து திரும்ப வேண்டும்" என்பது. தான் சொன்ன கதையே தன் வேண்டுதலுக்குக் குறுக்கே நிற்கிறது என்பது அவனுக்கு அந்த நிமிடத்தில்தான் உறைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் கத்துவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆக, உயிரா சாவா என்பதைவிட, அவள் எதை விட்டுப் போகிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

அவளுக்குத்தான் பறக்கத் தெரியுமே! கூரை விட்டுக் கூரை தாவுகிறவள் மலையிலிருந்து விழுந்து சாவாளா?

நியாயமான கேள்விதான். இந்த வகைச் சீனப் படங்களில் உடலை லேசாக்கிக்கொள்ளும் வித்தை சாதாரணம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். மற்ற எல்லாக் காட்சிகளிலும் பறப்பதற்கு ஓர் உதை வேண்டும்: சுவர், ஓடு, தண்ணீர்ப் பரப்பு, மூங்கில் நுனி. காலால் எதையாவது தட்டித்தான் எழும்புவார்கள். சண்டைகளை அமைத்த யுவென் வூ பிங் அந்தக் கணக்கை ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறார். கடைசிக் காட்சியில் மட்டும் அவள் எதையும் உதைப்பதில்லை. உடம்பை அப்படியே விட்டுவிடுகிறாள். பறக்கத் தெரிந்தவள் பறக்காமல் விழுவதாகவே எடுத்திருக்கிறார்கள். விழும் வேகம் மட்டும் விழுகிற வேகமாக இல்லை. அந்த இழுபறியால்தான் இரண்டு கட்சியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

லி மு பாய் சாவுக்குத் தான் காரணம் என்ற குற்ற உணர்ச்சியில் தற்கொலை செய்துகொண்டாள் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆதாரமும் இருக்கிறது. வாளைத் திருடியவள் அவள். ஜேட் ஃபாக்ஸ் குறிவைத்ததே லி மு பாயை அல்ல, ஜென்னைத்தான். பத்து வருடம் கூட இருந்த சிஷ்யை, ஜேட் ஃபாக்ஸ் வுடாங்கிலிருந்து திருடி வந்த வித்தை நூலில் இருந்த நுட்பத்தைத் தனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டாள் என்ற வெறி. எழுத்துப் படிக்கத் தெரியாத குரு படத்தைப் பார்த்துக் கற்றாள். ஜென் எழுத்தையும் படித்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்தச் சின்ன ஏமாற்று வளர்ந்து ஒரு நல்ல மனிதனின் உயிரில் போய் முடிகிறது. இதைத் தாங்க முடியாமல் ஒருத்தி குதிப்பது நம்பக்கூடியதுதான்.

எனக்கு இடிப்பது அவள் முகம். தப்பிக்க நினைக்கும் முகமாக அது இல்லை. படம் முழுக்கக் கோபம், பிடிவாதம், திமிர் என்று கொதித்துக்கொண்டிருந்த முகம் இங்கேதான் முதல்முறையாக அடங்கியிருக்கிறது. சாங் சீயி அப்போது இருபதைத் தாண்டியிராத புதுமுகம். அந்த அமைதியைச் சும்மா செய்துவிட முடியாது.

லி மு பாய் உயிரோடு திரும்ப வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதாகச் சிலர் சொல்கிறார்களே?

அழகான ஊகம். கதையில் வரும் பையனும் தனக்காகக் குதிக்கவில்லை, பெற்றோருக்காகக் குதித்தான். அந்த வகையில் பொருந்துகிறது. ஆனால் படத்தில் அவள் எதையும் வேண்டுவதாகக் காட்டவில்லை. லோவைத்தான் வேண்டச் சொல்கிறாள். அவள் மனதில் என்ன இருந்தது என்பது நம் சேர்க்கை.

அருவிக் காட்சியையும் இதையும் ஏன் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஜென் படத்தில் இரண்டு முறை குதிக்கிறாள். முதல் முறை மூங்கில் காட்டுச் சண்டை முடிந்ததும். லி மு பாய் அவளைச் சிஷ்யையாக்கப் பார்க்கிறான். மூன்று அசைவில் என்னிடமிருந்து வாளைப் பறித்தால் வருகிறேன் என்கிறாள். ஒரே அசைவில் பறித்துவிடுகிறான். மண்டியிடு என்கிறான். மாட்டேன் என்கிறாள். அப்படியானால் இந்த வாளால் உனக்குப் பயனில்லை என்று அதை அருவியில் வீசி எறிகிறான். ஒரு நொடி யோசிக்காமல் அவள் வாளுக்குப் பின்னால் பாய்கிறாள். தண்ணீருக்குள் போய் வாளைப் பிடித்தும் விடுகிறாள். பிடித்தவளை ஜேட் ஃபாக்ஸ் தூக்கிக்கொண்டு போய் குகையில் மயக்க மருந்து கொடுத்துக் கிடத்துகிறாள். லி மு பாய் சாவது அந்தக் குகையைத் தேடி வந்ததால்தான். முதல் குதிப்புக்கு விலை அது.

அவளுடைய கதையே ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வதுதான். பாலைவனத்தில் லோ அவள் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். ஓர் ஆளுநர் மகள், ஒரு சீப்புக்காகக் கொள்ளைக்காரனைத் துரத்திக்கொண்டு நாள்கணக்கில் பாலைவனத்தில் திரிகிறாள். அப்புறம் வாள். ஷூ லியெனோடு சண்டை போடும்போது ஆயுதக்கூடத்தில் இருக்கும் அத்தனை ஆயுதத்தையும் அந்த வாள் வெட்டித் தள்ளுகிறது. ஷூ லியென் சொல்கிறாள்: அந்த வாள் இல்லாவிட்டால் நீ ஒன்றுமில்லை. வலிக்கும் உண்மை.

இன்னொரு பக்கம், தேநீர் குடித்தபடி லி மு பாயும் ஷூ லியெனும் பேசும் காட்சி. கையை இறுக மூடினால் உள்ளே ஒன்றுமில்லை, திறந்தால் எல்லாம் உன்னுடையது என்று என் குரு சொல்வார் என்கிறான். ஷூ லியென் விடுகிற ஆளா? எல்லாமே மாயை இல்லை, இப்போது நீ பிடித்திருந்த என் கை நிஜமில்லையா என்று மடக்குகிறாள். இந்தப் படத்தின் மொத்த வழக்கும் அந்தத் தேநீர் மேசையில் நடந்து முடிந்துவிடுகிறது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

கடைசியில் ஜென் குதிக்கும்போது கையில் வாள் இல்லை. அது ஏற்கெனவே உரியவரிடம் திரும்பப் போய்விட்டது. எதையும் துரத்திக்கொண்டு அவள் குதிக்கவில்லை. முதல் குதிப்பில் பிடிக்கப் போனாள், இரண்டாவதில் விடப் போகிறாள். அதனால்தான் வெறும் தற்கொலை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஷூ லியெனின் எதிர்வாதத்துக்கும் இதனால் பதில் கிடைத்துவிடவில்லை. லோவின் கையும் நிஜமான கைதான். அதையும்தான் விட்டுவிட்டுப் போகிறாள்.

லோவோடு பாலைவனத்துக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்கலாமே?

எல்லாருக்கும் வரும் ஆதங்கம். ஆனால் அவள் நிலைமையை யோசியுங்கள். கட்டிய புருஷனை விட்டு ஓடியவள், வீட்டுக்குப் போக முடியாது. வாள் உலகத்தில் பேர் வாங்க ஆசைப்பட்டவள். அந்த உலகத்தில் மிகப் பெரியவன் அவளால் செத்தான். பாலைவனமும் பழைய பாலைவனம் இல்லை. அங்கே அவர்கள் சந்தோஷமாக இருந்தது, பின்விளைவு தெரியாத வயதில். லோ கேட்பது அந்த வயதைத்தான். பாவம், அவன் இன்னும் அங்கேயே இருக்கிறான். அவள் இல்லை.

ஆனாலும் அவள் செய்தது லோவுக்குச் செய்த கொடுமை என்பதை மழுப்பக் கூடாது. ஒரு ராத்திரி கூட இருந்துவிட்டு, வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவன் கண் முன்னால் குதிப்பது என்ன நியாயம்? 'சுதந்திரம்' என்று இந்த முடிவைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

ஏன் வுடாங் மலை? வேறு மலையே இல்லையா?

ஹூபே மாகாணத்தில் இருக்கும் வுடாங் தாவோ மதத்தாரின் புனித மலை. கதைகளில் வாள் வித்தைக்குப் பேர் போன இடம். படத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: வுடாங் பெண்களைச் சேர்க்காது. ஜேட் ஃபாக்ஸ் கொலைகாரியானது அங்கிருந்துதான். லி மு பாயின் குரு படுக்கைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார், வித்தை சொல்லித் தரவில்லை. கொன்றுவிட்டு நூலைத் திருடினாள். ஜென்னுக்காக விதியைத் தளர்த்தச் சொல்லலாம் என்று லி மு பாய் நினைத்தான். அவன் செத்த பிறகு, சிஷ்யையாக வர வேண்டியவள் காதலனைப் பார்க்க மட்டும் அந்த வாசலுக்கு வருகிறாள். ஒரே ஒரு ராத்திரிதான் தங்குகிறாள்.

இன்னொன்று. படத் தொடக்கத்தில் லி மு பாய் அதே மலையில் ஆழ்ந்த தியானத்தில் இருந்ததைச் சொல்கிறான். சுற்றிலும் வெளிச்சம், காலமும் இடமும் மறைந்துவிட்டன, ஆனால் ஆனந்தம் வரவில்லை, தீராத துக்கம்தான் சூழ்ந்தது, அதனால் பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்கிறான். அவனால் போக முடியாமல் பாதியில் திரும்பிய எல்லையை அவள் தாண்டிவிட்டாளோ என்று கேட்கத் தோன்றுகிறது.

(படப்பிடிப்பு வேறு விஷயம். அந்தப் பாலமும் கட்டடமும் ஹெபெய் மாகாணத்து சாங்யான் மலையில் இருப்பவை.)

மூல நாவலில் என்ன நடக்கிறது? அதில் விடை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது நாவலுக்கான விடை. வாங் டூலு 1940-களின் தொடக்கத்தில் செய்தித்தாளில் தொடராக எழுதியது அது. ஒன்றோடொன்று தொடர்புள்ள ஐந்து நாவல்களில் நான்காவது. அதில் அவள் குதிப்பது வுடாங்கில் அல்ல, பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் மியாவ்ஃபெங் மலையில். அப்பாவின் நோய் தீர வேண்டி நேர்ந்துகொண்டதாகச் சொல்லிக் குதிக்கிறாள். உண்மையில் அது நாடகம். செத்துவிட்டதாக ஊரை நம்ப வைத்தால் குடும்ப மானமும் தப்பும், அவளும் தப்பலாம். பிழைத்து, காதலனோடு ஓர் இரவு இருந்துவிட்டு, அவனையும் விட்டுப் போய்விடுகிறாள். அடுத்த நாவலில் அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை வேறொரு பெண் குழந்தையோடு மாற்றப்படுவதும், பல வருடம் கழித்து அவள் மேற்குப் பாலைப் பகுதியில் நோயில் சாவதும் வருகிறது.

ஆங் லீயும் அவருடைய திரைக்கதை ஆசிரியர்களும் செய்த மாற்றத்தைப் பாருங்கள். இரவை முன்னால் வைத்தார்கள், குதிப்பைப் பின்னால் வைத்தார்கள். தந்திரம் போய்விட்டது, தப்பிக்கும் திட்டமும் போய்விட்டது. நாவல் தெரிந்தவர்கள் "அவள் பிழைத்தாள், புத்தகத்தில் இருக்கிறது" என்று வாதாடுவது அதனால் செல்லாது. புத்தகத்தில் இருப்பதை வேண்டுமென்றே எடுத்துவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒன்றுதான்: இரண்டிலும் அவள் காதலனோடு இருப்பதில்லை.

பெற்றோருக்காக மலையிலிருந்து குதிப்பது நிஜமாகவே இருந்த பழக்கமா?

இருந்தது. ஷான்டோங் மாகாணத்துத் தாய் மலையில், உயிரைத் தருவதற்கென்றே பேர் பெற்ற ஒரு பாறை விளிம்பு உண்டு. பெற்றோரின் நோய் தீர வேண்டி அங்கிருந்து குதித்தவர்கள் இருந்தார்கள். மிங் காலத்தில் அதிகாரிகள் அங்கே தடுப்புச் சுவர் எழுப்பி, உயிரை நேசிக்கச் சொல்லி இடத்தின் பேரையே மாற்றினார்கள். ஆகவே லோ சொல்வது வெறும் தேவதைக் கதை இல்லை. கேட்கும் சீனப் பார்வையாளருக்கு, அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு நிஜமான பயம் இருக்கிறது.

விடை சொல்லத் தெரியாமல் இயக்குநர் நழுவிவிட்டார் என்று தோன்றுகிறதே?

வாள்சண்டைப் படங்களில் முடிவு திறந்திருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. 1966-இல் வந்த ஜப்பானியப் படம் 'தி ஸ்வார்ட் ஆஃப் டூம்', நாயகன் வெறிபிடித்து வெட்டிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடும். தொடர்ச்சிப் படங்கள் வரும் என்ற திட்டம் இருந்தது, வரவில்லை. அங்கே அந்தரத்தில் நிற்பது பாதி விபத்து, ஆனாலும் அற்புதமான விபத்து.

பழைய சீன வாள்சண்டைப் பட இயக்குநர் கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' (இந்த 'ஜென்' பௌத்த ஜென், நம் நாயகி அல்ல) வேறு வகை. குத்துப்பட்ட துறவியின் உடலிலிருந்து பொன்னிற ரத்தம் வழியும், சூரியனுக்கு எதிரே அவர் நிழலுருவாக உட்கார்ந்திருப்பார். செத்தாரா, ஞானம் அடைந்தாரா என்று கேட்டால் பதில் இல்லை. ஆங் லீயின் மூங்கில் காடு அந்தப் படத்துக்குச் செலுத்திய மரியாதை. ஜேட் ஃபாக்ஸாக வரும் செங் பெய் பெய், 1966-இல் கிங் ஹூவின் படத்தில் வாளேந்திய நாயகியாக நடித்தவர். ஆங் லீ இந்த மரபில் வந்தவர். சண்டையில் தொடங்கி, சண்டையால் தீர்க்க முடியாத இடத்தில் கொண்டுபோய் விடுவது அந்த மரபின் பழக்கம். நழுவல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா மர்ம முடிவுக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது. இங்கே கொடுக்கலாம், ஏனென்றால் சீப்பு, வாள், அருவி, கதை என்று வழியெல்லாம் கல் நட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில் விடை கிடைக்குமா?

கிடைக்காது. 'ஸ்வார்ட் ஆஃப் டெஸ்டினி' என்று நெட்ஃப்ளிக்ஸில் வந்த அந்தப் படத்தை எடுத்தவர் ஆங் லீ அல்ல, யுவென் வூ பிங். ஆங்கிலத்தில் எடுத்தார்கள். முதல் பாக நாயகர்களில் மிஷேல் இயோ மட்டும் ஷூ லியெனாகத் திரும்ப வருகிறார். சாங் சீயி இல்லை. குழந்தை மாறிப்போகும் சங்கதியை மூல நாவல்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள், ஆனால் வேறு ஆட்கள்மேல் ஏற்றிவிட்டார்கள். சண்டைக்காக ஒருமுறை பார்க்கலாம்.